செவலை சுகமா?

பட்டாளத்தில் இருந்தவன் என்று தெரிந்தால் போதும், எல்லோரும் எல்லையைப் பற்றித்தான் கேட்பார்கள். பனி எத்தனை அடி விழும், குண்டு காதோரம் போயிருக்கிறதா, அந்தப் பக்கத்து ஆட்களை நேரில் பார்த்ததுண்டா. கல்யாணப் பந்தியில் இலை போட்ட பிறகும் விடமாட்டார்கள். பயிற்சிக் காலத்தைப் பற்றி ஒருத்தரும் கேட்டதில்லை. ஓடவிடுவார்கள், உருளவிடுவார்கள், அதில் என்ன கதை என்ற நினைப்பு. ஆனால் என் சர்வீஸில் மனசு அதிகம் அல்லாடியது வெலிங்டனில்தான். 1971ல், யுத்தம் வரும் வரும் என்று சொல்லி, வந்து, முடிந்தும் போனதையெல்லாம் நான் பாரக்குக்குள் இருந்தே பார்த்தேன்.

வீட்டை விட்டு ரொம்பத் தூரம் போய் ஏங்கியதாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு நேர் எதிர். பக்கத்தில் இருந்ததுதான் என் கஷ்டம்.

வெலிங்டன், மலை ரயிலில் குன்னூருக்கு அடுத்த ஸ்டேஷன். ஏறக்குறைய ஆறாயிரம் அடி உயரம். மெட்ராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம் அங்கேதான். உலகப் போர் சமயத்தில் அது நம்ம கோயமுத்தூர் மதுக்கரையில் இருந்து, 1947ல் மலையேறியது. 1850களில் வெள்ளைக்காரன் கட்டத் தொடங்கிய பாரக்குகள். என் பாரக்கில் ஸ்ரீகாகுளத்துக்காரன், பாலக்காட்டுக்காரன், மைசூர்ப் பக்கத்தான், திருநெல்வேலிக்காரன் என்று நாலு திசையும் இருந்தது. அவர்களுக்கு ஊர் ஒரு ராத்திரிப் பயணம், ரெண்டு ராத்திரிப் பயணம். அவ்வளவு தூரம் என்றால் மனசு முதல் மாதமே ஒரு முடிவுக்கு வந்து அடங்கிவிடும். என் சொந்த ஊர் கோபிப் பக்கம். அது பரவாயில்லை. மாமன் ஊர் சிறுமுகைப் பக்கம். மலைக்கு நேர் கீழே, பவானிக் கரையில் தோட்டம். உச்சியிலிருந்து ஒரு கல்லை உருட்டிவிட்டால் மாமன் தோட்டத்து வேலியில் போய்த்தான் நிற்கும் என்று நான் சொல்வேன். ஸ்ரீகாகுளத்துக்காரன் நம்பிவிட்டான்.

மாமனுக்கு ஒரு மகள்.

எங்கள் பக்கத்தில் மாமன் மகள் என்றால் விளக்கமே வேண்டாம். சின்ன வயதிலிருந்தே எல்லோரும் சொல்லிச் சொல்லி, நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் நேராகப் பார்ப்பதையே விட்டிருந்தோம். பட்டாளத்துக்குப் போவதற்கு முன் சொல்லிக்கொள்ளப் போனேன். அத்தை சந்தகை பிழிந்து தேங்காய்ப் பால் ஊற்றினார். அம்மாவைப் பெற்ற அமுச்சி நெற்றி நிறையத் திருநீறு பூசினார். மாமா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே, "சண்டை வரும்ங்கறாங்களே மாப்ளே" என்று மட்டும் சொன்னார். கிளம்பும்போது கட்டுத்தரைப் பக்கமாக வந்தேன். அவள் செவலைப் பசுவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காங்கயத்து மாடு, முசுடு. நான் பக்கத்தில் போனதும் ஒரு துள்ளுத் துள்ளியது. "பாத்துப் போங்க மாமா, செவலை ஒதைக்கும்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அதை வைத்துக்கொண்டுதான் நான் அந்தப் பயிற்சி முழுவதையும் ஓட்டினேன்.

ஏன் பட்டாளத்துக்குப் போனாய் என்றால், பெரிய தேசபக்திக் கதை எல்லாம் கிடையாது. வாய்க்கால் தண்ணீர் ஏறாத மேட்டுக்காடு எங்களுடையது. பதினோராம் வகுப்பில் கணக்கு கவிழ்த்துவிட்டது. கோயமுத்தூரில் ஆள் எடுக்கிறார்கள் என்றார்கள், போனேன். நெஞ்சை அளந்தார்கள், ஓடவிட்டார்கள், எடுத்துக்கொண்டார்கள்.

ரங்ரூட்டின், அதாவது புதிதாகச் சேர்ந்தவனின் பொழுது இருட்டிலேயே தொடங்கிவிடும். விசிலோ பிகிலோ, எது முதலில் கேட்கிறதோ அதற்கு எழ வேண்டும். லங்கர் என்கிற சமையல்கூடத்தில் பித்தளை அண்டாவிலிருந்து மக்கில் ஊற்றும் சாயாவை வாங்கிக்கொண்டு, அது ஆறுவதற்குள் சவரம். மீசை முளைக்காதவனும் சவரம் செய்தாக வேண்டும். தண்ணீர் பனிக்கட்டிக்குப் பெரியப்பன். படுக்கையை மடித்துக் கம்பளியின் நாலு மூலையும் கத்தியில் வெட்டியது போல நிற்கவைக்க வேண்டும். நிற்காவிட்டால் பயிற்சி கொடுக்கிற உஸ்தாத் அதைத் தூக்கி வெளியே எறிவார், நாமும் பின்னாலேயே போய் உருள வேண்டும். அப்புறம் பி.டி. ஓட்டம், கயிறேற்றம், ஒன்பதடிக் குழி தாண்டுதல். குழியில் விழுந்தவன் எழுந்து வந்து மறுபடி தாண்டுவான். சமவெளியில் வளர்ந்த எங்களுக்கு அந்த உயரத்தில் முதல் சில வாரம் மூச்சே பிடிபடாது. கயிற்றின் பாதியில் தொங்கிக்கொண்டு கீழேயும் வர முடியாமல் மேலேயும் போக முடியாமல் நான் நின்றதை என் பேட்ச்காரர்கள் இன்றைக்கும் வாட்ஸப்பில் நினைவுபடுத்துகிறார்கள்.

பிறகு டிரில். கட்டளை எல்லாம் இந்தியில். சாவ்தான், விஷ்ராம், தேஸ் சல். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1965ல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன். பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடே நடந்தது. எங்கள் ஊரில் தபால் பெட்டியின் இந்தி எழுத்தில் தார் பூசிய கூட்டத்தில் வாளி பிடித்தவன் நான். ஆறு வருஷத்தில் அதே ஆள் "தாஹினே மூட்" என்றதும் சரக்கென்று வலப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தேன். பாலக்காட்டுக்காரனுக்கும் இந்தி வராது, தெலுங்கனுக்கும் வராது. ஆகவே பாரக்கில் எல்லோரும் சமமாகத் திட்டு வாங்கினோம்; அதிலேயே ஒரு ஒற்றுமை வந்துவிட்டது. ராணுவத்தில் எங்கள் ரெஜிமென்ட் ஆட்களை மொத்தமாகத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்ரீகாகுளத்துக்காரனும் தம்பிதான், மைசூர்க்காரனும் தம்பிதான்.

சங்கீன் பயிற்சி என்று ஒன்று. மணல் மூட்டையைத் தொங்கவிட்டு, ரைபிள் முனையில் கத்தியை மாட்டிக்கொண்டு ஓடிப்போய்க் குத்த வேண்டும். "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு!" இது எங்கள் ரெஜிமென்டின் போர் முழக்கம். வயிற்றிலிருந்து வர வேண்டும். எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. எங்கள் பக்கம் மாட்டைக்கூட "ஏனுங்க, கொஞ்சம் தள்ளுங்க" என்கிற ரகம். உஸ்தாத் காதருகே வந்து, "டேய், மாமியார் வீட்டுக்கு வந்திருக்கியா?" என்று கேட்டார். அவர் சும்மா சொன்னதுதான். எனக்குத்தான் சிறுமுகை ஞாபகம் வந்து இன்னும் குரல் இறங்கிவிட்டது. அன்றைக்கு வாங்கிய ரகடா என்கிற தண்டனையில் முட்டி தேய்ந்துபோனது.

இவ்வளவு சொல்கிறேனே, இந்த நேரங்களில் எல்லாம் அவள் ஞாபகம் எனக்கு வந்ததில்லை. வர நேரமில்லை. பசி, தூக்கம், உஸ்தாத் எங்கே நிற்கிறார் என்ற கவனம், இந்த மூன்றுக்கே மண்டை பத்தாது. பட்டாளத்து வேலைதான் மனசை நோகடிக்கும் என்பது போகாதவர்கள் சொல்வது. வேலை காப்பாற்றும். வேலை இல்லாத நேரம்தான் ஆளை மேயும்.

உதாரணத்துக்கு பூட் பாலிஷ். பதின்மூன்று ஆணி அடித்த அம்யூனிஷன் பூட் அது. கடையிலிருந்து வந்தபோது மூக்குத் தோல் சொரசொரவென்று கொப்புளம் கொப்புளமாக இருக்கும். மெழுகுவர்த்தியில் கரண்டியின் முதுகைச் சூடாக்கி அந்தக் கொப்புளங்களை மெல்லத் தேய்த்துச் சமமாக்க வேண்டும். சூடு கூடினால் தோல் கருகும், குறைந்தால் ஒன்றும் நடக்காது. அப்புறம் பனியன் துணியை ஆள்காட்டி விரலில் இறுக்கிச் சுற்றி, துளி பாலிஷ், துளித் தண்ணீர், சின்னச் சின்ன வட்டம். ஒரு படலம் ஏறியதும் இன்னொரு படலம். விரல் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும், தலைக்கு வேலை கிடையாது. அங்கேதான் அவள் வந்து உட்காருவாள். கயிற்றைப் பிடித்த கை, சட்டையில் ஒட்டியிருந்த வைக்கோல், 'ஒதைக்கும்' என்று சொல்லும்போது சிரிப்பை அடக்கியது. முகம் தெரியும் அளவுக்கு பூட் பளபளக்க வேண்டும் என்பது உத்தரவு. என் பூட் செக்‌ஷனிலேயே முதலாவதாக வந்தது. எப்படிடா என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை.

இன்னொன்று ராத்திரி காவல். மாகஸின் என்கிற ஆயுதக் கிடங்குப் பக்கம், கிரேட்கோட்டுக்குள் கூனிக்கொண்டு. யாராவது நடந்துவந்தால் "தம்!" என்று கத்தி அடையாளம் கேட்க வேண்டும். யாரும் வரமாட்டார்கள். அருவங்காடு வெடிமருந்து ஆலையின் சங்கு எப்போதாவது ஊதும். டிசம்பர் கிட்ட வர வர, ஜிம்கானா மைதானத்துப் புல் காலையில் வெள்ளை வெளேரென்று இருக்கும். அந்தக் குளிரில் கம்பஞ்சோறும் கொள்ளுப் பருப்பும் ஞாபகம் வந்தால், அப்புறம் அதைச் சமைக்கிற வீடு, வீட்டில் நடமாடும் ஆட்கள் என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும்.

எல்லாவற்றையும் விட மோசம் ஞாயிற்றுக்கிழமை. துணி துவைத்தாயிற்று, பிராஸோ போட்டாயிற்று, மத்தியானம் கறிச்சோறும் ஆயிற்று. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அந்த நேரம் பார்த்து ஊட்டியிலிருந்து கீழே இறங்கும் ரயில் ஊதிக்கொண்டு போகும். அது மேட்டுப்பாளையம் போகிற வண்டி. பொழுது சாய்வதற்குள் அங்கே இறங்கிவிடலாம். அங்கிருந்து சிறுமுகைக்கு மாட்டு வண்டியில் போனாலும் ராத்திரிச் சோற்றுக்குப் போய்ச் சேரலாம். திருநெல்வேலிக்காரனுக்கு அது வெறும் ரயில் சத்தம். எனக்கு ஒவ்வொரு தடவையும் கணக்குப் போடத் தோன்றும்: இப்போது ஹில்குரோவ், இப்போது கல்லாறு, இப்போது பாக்குத் தோப்பு தாண்டியிருக்கும். பள்ளிக்கூடத்தில் வராத கணக்கு இங்கே வந்தது.

அவிநாசிப் பக்கத்துப் பையன் ஒருவனுக்குக் கணக்கோடு நிறுத்த முடியவில்லை. ஒரு ஞாயிறு இருட்டில் மலைப்பாதை வழியாக நடந்தே இறங்கிவிட்டான். வீட்டுக்குப் போய் அம்மா கையால் ஒரு வேளை சாப்பிட்டிருக்கிறான். அடுத்த நாளே அவன் அப்பா அவனைக் கூட்டிக்கொண்டு வந்து கேட்டில் நின்றார். தோளில் ஒரு மஞ்சப்பை நிறைய வறுத்த கடலைக்காய். "பையன் தெரியாம வந்துட்டானுங்க சாமி" என்று காவலுக்கு நின்றவனிடமே கும்பிட்டார். பையனுக்குத் தண்டனை கிடைத்தது. கடலைக்காய் பாரக்குக்கு வந்துசேர்ந்தது. அன்று ராத்திரி எல்லோரும் தோல் உரித்துத் தின்றோம். அவன் மட்டும் முதுகில் பேக் மாட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். தூரத்து ஊர்க்காரன் ஒருத்தனும் எங்கள் பேட்ச்சில் ஓடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

கடிதத்துக்கு வருகிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது புரியவே புரியாது. கட்டிக்கப் போகும் பெண்ணுக்கு நேராகக் கடிதம் எழுதுவது என்பது அன்றைக்கு எங்கள் பக்கம் நடக்காத காரியம். தபால்காரர் தெருமுனையிலேயே பெயரைச் சொல்லிக் கூவுவார். அப்புறம் ஊர் முழுக்கப் பேச்சு. ஆகவே நான் மாமாவுக்குத்தான் எழுத வேண்டும். அது வந்தால் ஆசாரத்தில், அதாவது வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார, அவள் தம்பி, ஐந்தாம் வகுப்புப் பயல், உரக்கப் படிப்பான். அமுச்சிக்குக் காது மந்தம் என்பதால் இரண்டு தடவை படிப்பான். இந்தச் சபையில் எதைச் சொல்ல முடியும்?

"அன்புள்ள மாமா அவர்களுக்கு, நலம், நலமறிய ஆவல். அமுச்சிக்குக் கால் வலி எப்படி இருக்கிறது. கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி. வாழை குலை தள்ளிவிட்டதா. செவலை சுகமா." செவலையைக் கடைசி வரியில்தான் வைப்பேன். எனக்கு அந்த ஒரு வரிதான் கடிதம், மற்றதெல்லாம் அதற்குக் கட்டிய வேலி.

பதிலை அவள் தம்பி எழுதுவான். கோடு போடாத தாளில் வரி எல்லாம் மேட்டுப்பாளையம் ரோடு போல ஏறி இறங்கும். "கிணற்றில் தண்ணீர் உள்ளது. அமுச்சி உங்களைக் கேட்டார்கள். செவலை சுகம். இரண்டு வேளையும் தண்ணீர் குடிக்கிறது. அக்கா ஒன்றும் எழுதச் சொல்லவில்லை என்று எழுதச் சொன்னாள்."

அந்தக் கடைசி வாக்கியத்தை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கேட்காதீர்கள்.

டாக் சாயங்காலம் ரோல் காலில் கொடுப்பார்கள். பெண் கையெழுத்து என்று சந்தேகம் வந்தால் இருபது டிப்ஸ், அதாவது தண்டால், எடுத்துவிட்டுத்தான் வாங்க முடியும். என் கடிதம் குழந்தைக் கையெழுத்து. உஸ்தாத் ஒரு தடவையும் சந்தேகப்படவில்லை. ஆனால் திருநெல்வேலிக்காரன் ஒருநாள் என் பெட்டியிலிருந்து எடுத்து பாரக் முழுக்கக் கேட்கப் படித்துவிட்டான். அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. அன்றிலிருந்து எனக்குப் பெயரே செவலை. அர்த்தம் தெரியாத ஸ்ரீகாகுளத்துக்காரன்கூடக் காலையில் எழுந்ததும் "செவலை சுகமா?" என்று கேட்டுவிட்டுத்தான் பல் தேய்க்கப் போவான்.

ஒருநாள் ரூட் மார்ச்சில் லேம்ப்ஸ் ராக் வரை கூட்டிப்போனார்கள். முதுகில் பேக், தோளில் ஐந்து கிலோவுக்குப் பக்கமாக எஸ்.எல்.ஆர். ரைபிள். உச்சியில் பத்து நிமிஷம் ஓய்வு. மேகம் விலகியதும் கீழே மொத்தச் சமவெளியும் விரிந்து கிடந்தது. அத்தனை உயரத்திலிருந்து வீடு எல்லாம் தெரியாது. ஆனால் பவானி எங்கே வளைகிறது என்பது தெரியும், அதை வைத்து மேட்டுப்பாளையம் இது என்று பிடிக்கலாம், அதற்குக் கிழக்கே விஸ்கோஸ் ஆலை இருக்கும் பக்கம் புகை மாதிரி ஒன்று. அதற்கு இந்தப் பக்கம் பச்சை. வாழைத் தோப்பாக இருக்கலாம், மாமன் தோட்டமாகவே இருக்கலாம். மற்றவர்கள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் குடிக்காமல் நின்றதைப் பார்த்து உஸ்தாத் வந்து என் பக்கத்தில் நின்றார். அவர் சேலத்துப் பக்கத்துக்காரர். கீழே பார்த்தார். "எந்த ஊரு?" என்றார். "சிறுமுகைங்க சாப்" என்றேன். என் ஊர் கோபி என்று அவருக்குத் தெரியும். ஒன்றும் சொல்லாமல், பத்து நிமிஷ ஓய்வைக் கால் மணி நேரம் ஆக்கினார். அவர் செய்த ரகடாவை எல்லாம் நான் மன்னித்தது அந்த ஐந்து நிமிஷத்துக்காகத்தான்.

நவம்பரில் யுத்த வாடை நன்றாகவே அடித்தது. கிழக்கு வங்காளத்திலிருந்து ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் அகதிகளாக வந்துவிட்டார்கள். அவர்கள் செலவுக்காக நவம்பர் 15லிருந்து தபாலுக்கு ஐந்து பைசா கூடுதல் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. புது ஸ்டாம்ப் அச்சாகி வரும்வரை, கையிருப்பில் இருந்த ஐந்து பைசா ஸ்டாம்பின் மேலேயே 'அகதிகள் நிவாரணம்' என்ற அர்த்தத்தில் எழுத்து அடித்து விற்றார்கள். அந்தக் கையிருப்பு ஸ்டாம்ப் என்ன தெரியுமா? குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பர ஸ்டாம்ப். வெலிங்டன் தபாலாபீஸில் கொடுத்ததை நான் பார்க்காமல் நக்கி ஒட்டி மாமாவுக்குப் போட்டுவிட்டேன். ஆசாரத்தில் கடிதத்தைத் திருப்பிப் பார்த்த மாமா, "கல்யாணத்துக்கு நாளே குறிக்கல, அதுக்குள்ள மாப்ளே இதை ஒட்டி அனுப்பறானே" என்றாராம். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாராம். இதை எனக்கு எழுதியது அந்தப் பயல்தான், விஷயம் புரியாமலேயே: "உங்கள் ஸ்டாம்பைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். ஏன் என்று எனக்குச் சொல்லவில்லை."

டிசம்பர் 3 வெள்ளிக்கிழமை. பாகிஸ்தான் விமானங்கள் நம் விமானத் தளங்களில் குண்டு போட்ட செய்தி எங்களுக்கு மறுநாள் காலை ஃபால் இன்னில்தான் தெரிந்தது. நடுராத்திரிக்கு மேல் இந்திரா காந்தி ரேடியோவில் பேசியிருக்கிறார். எங்களுக்கு அப்போது என்ன தோன்றியது என்றால், உண்மையைச் சொல்கிறேன், பயிற்சியைச் சுருக்கி எங்களை அனுப்பிவிடுவார்கள் என்ற புரளிதான். பாதிப் பேருக்கு அதில் சந்தோஷம். கயிறேற்றம் இருக்காதே! புரளி புரளியாகவே போயிற்று. அன்றைக்கும் தேஸ் சல், அன்றைக்கும் மணல் மூட்டை. ஆனால் முழக்கம் மாறிவிட்டது. அதற்கு மேல் யாரும் வயிற்றிலிருந்து வா என்று சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

உஸ்தாத்தின் பட்டாலியன் அப்போது களத்தில் இருந்தது. தான் மட்டும் மலை மேல் எங்களுக்கு நடக்கச் சொல்லித்தந்துகொண்டிருக்கிறோமே என்று அவருக்குப் பெரிய குறை. ஒருநாள் சாயங்காலம் அவர் ரோல் காலுக்கு வரவில்லை. அவரோடு ஒன்றாகச் சேர்ந்த ஆள் போய்விட்டாராம். மறுநாள் காலை வந்தார், கண் சிவந்திருந்தது, வழக்கத்தை விட ஒரு சுற்று அதிகமாக ஓடவிட்டார், தானும் கூடவே ஓடினார். அதற்கு முன் அவர் எங்களோடு ஓடி நான் பார்த்ததில்லை.

அதே வாரம் அம்மாவிடமிருந்து கடிதம். பக்கத்து வீட்டு வாத்தியாரைக் கொண்டு எழுதியது. சிறுமுகையில் ஒறம்பரை வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்கள் என்று கேள்விப்பட்டேன், தறி நாலைந்து ஓட்டுகிற குடும்பமாம், அண்ணன் இன்னும் வாக்குக் கொடுக்கவில்லை, சண்டை எப்படி முடிகிறது பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான். மாமாவைக் குறை சொல்ல மாட்டேன். ரேடியோவைத் திருப்பினால் யுத்தம், பெண்ணைப் பட்டாளத்தானுக்குக் கட்டிவைக்க எந்த அப்பனுக்கு மனசு வரும்? எனக்குத் தெரிந்த ஒரே வழியில் நானும் கேட்டேன். அந்தத் தடவை அமுச்சியின் கால் வலியைக்கூட விசாரிக்கவில்லை. கிணறு இல்லை, வாழை இல்லை. "செவலை சுகமா. செவலையைப் பற்றி விவரமாக எழுதவும்." மாமாவுக்குப் புரியாமல் இருக்காது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

பதில் வருவதற்குள் யுத்தம் முடிந்துவிட்டது. டிசம்பர் 16 மாலை டாக்காவில் சரணாகதி. ஏறக்குறைய 93 ஆயிரம் பேர் கைதிகள். பாரக் பாரக்காகச் சத்தம், தட்டையும் மக்கையும் தட்டி மலையே அதிர்ந்தது. படாகானா என்கிற பெருவிருந்தில் கறி தாராளமாக விழுந்தது. எல்லோரும் ஜெனரல் மானெக்‌ஷாவைப் பற்றிப் பேசினார்கள். நான் பதின்மூன்று நாளில் முடித்துக் கொடுத்த புண்ணியவான் என்று மனசுக்குள் அவருக்குத் தனியாக ஒரு கும்பிடு போட்டேன். இன்னும் ஒரு மாதம் இழுத்திருந்தால் தறிக்காரர்கள் தாம்பூலம் மாற்றியிருப்பார்கள்.

அதற்குப் பிறகுதான் பதில் வந்தது. தம்பியின் கையெழுத்து. "சண்டையில் ஜெயித்ததற்கு அப்பா எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தார். வந்த ஒறம்பரைக்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்று. அமுச்சி மூன்று நாள் சோறு தின்னவில்லை, இப்போது தின்கிறார்கள். செவலை இளைத்துவிட்டது என்று அக்கா எழுதச் சொன்னாள்."

கசம் பரேட் முடிந்தது. அவரவர் வேதத்தின் பேரில் சத்தியம் வாங்கிக்கொண்டு, தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கும்படி ஆக்கிய பூட்டோடு மைதானத்தைக் கடந்தோம். லீவு கொடுத்தார்கள். தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அத்தனை மாதம் ஊதிக் காட்டிய அதே ரயிலில் ஏறினேன். கூட்டம், கரிப்புகை, கண்ணில் தூசி. கல்லாறு எப்போது வந்தது என்றே தெரியவில்லை, தூங்கிவிட்டிருக்கிறேன்.

நேராகச் சிறுமுகைதான். மாமா திண்ணையிலிருந்து எழுந்து வந்து பெட்டியை வாங்கினார். அவர் எழுந்து வந்தது அதுதான் முதல் தடவை. ஆசாரத்துச் சுவரில் கடுதாசிக் கம்பி தொங்கியது. என் இன்லாந்துகள் எல்லாம் அதில்தான், நடுவில் ஓட்டை விழுந்து, உரக்கடை ரசீதுக்கும் தீர்வை ரசீதுக்கும் இடையில். குடும்பக் கட்டுப்பாட்டு ஸ்டாம்பும் பத்திரமாக இருந்தது. ஒன்றையாவது அவள் எடுத்து ஒளித்து வைத்திருப்பாள் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை. அவள் உள்ளே பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக வைத்துக்கொண்டிருந்தாள், வெளியே வரவில்லை. தம்பிப் பயல் மட்டும் ஒட்டிக்கொண்டு, "தோட்டா கொண்டாந்தீங்களா?" என்று கேட்டான்.

சாப்பிட்டதும் கை கழுவுகிற சாக்கில் கட்டுத்தரைப் பக்கம் போனேன். ஒரு எருமை கட்டியிருந்தது. வேறு மாடு இல்லை.

"செவலை எங்கீங்க மாமா?"

"அதை ஐப்பசியிலயே புளியம்பட்டிச் சந்தையில குடுத்தாச்சே. மோட்டார் சுட்டுப்போச்சு, பணம் வேண்டியிருந்துச்சு. உனக்கு எழுதலயா?"

பெட்டியில் இருந்த கடிதங்களை அன்று ராத்திரி திண்ணையில் லாந்தர் வெளிச்சத்தில் தேதி பார்த்துப் பிரித்தேன். கார்த்திகையில் செவலை சுகம். தண்ணீர் நன்றாகக் குடிக்கிறது. மார்கழியில் இளைத்துவிட்டது. தை பிறந்ததும் தேறிவிட்டது, பழையபடி உதைக்கிறது.

கல்யாணம் அடுத்த வருஷம் நடந்தது. நாலைந்து மாதம் கழித்து, பேச்சு பழகிய பிறகு, ஒருநாள் கேட்டேன். விற்ற மாட்டைச் சுகம் சுகம் என்று எதற்கு எழுதச் சொன்னாய் என்று. அவள் முறத்தில் இருந்து தலையைத் தூக்கவில்லை.

"வித்தாச்சுன்னு எழுதியிருந்தா, அப்புறம் என்னத்தைக் கேட்டு எழுதியிருப்பீங்க?"